தற்செயலாகத் தெரியவந்த குடல் சுழற்சிக் குறைபாடு: 33 வயதில் அறுவை சிகிச்சை தேவையா?

பொருநைக்கரையாள்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 33 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்ற ஐயத்தில் அண்மையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல் எதுவும் தென்படவில்லை. மாறாக, சிறுகுடல் முழுவதும் வயிற்றின் வலப்பக்கத்திலும் பெருங்குடல் முழுவதும் இடப்பக்கத்திலும் கிடப்பதாகவும், மேல் குடல்தாங்கிச் சிரை (குடலிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) அதன் தமனிக்கு (குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) இடப்புறம் அமைந்திருப்பதாகவும், இது பிறவியிலேயே நேர்ந்த குடல் சுழற்சிக் குறைபாடு என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

பள்ளிப் பருவத்திலிருந்தே வயிறு நிறையச் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடித்தாற்போல் வலிக்கும். சில வேளைகளில் வாந்தி எடுத்தவுடன் வலி அடங்கிவிடும். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் சோற்றைக் கொறித்துவிட்டு இலையை மூடிவிடுவேன்; வீட்டில் எல்லோரும் அதை என் குணம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வாயுத் தொல்லை, அல்சர், மனப் பதற்றம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எண்டோஸ்கோப்பியில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வந்தது.

இப்போது ஒரு மருத்துவர் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். இன்னொருவரோ, இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன, இனி என்ன ஆகிவிடப் போகிறது, தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். திருமணமாகிச் சில ஆண்டுகளாகின்றன. விரைவில் குழந்தை பெற்றுக்கொள்ளவும் எண்ணம் உண்டு. இந்தக் குறைபாட்டை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெறியாளர்:

இழையைத் திறந்தே வைக்கிறேன். யாரும் மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே எழுத வேண்டாம். மருத்துவமனைகளையோ மருத்துவர்களையோ பெயர் சொல்லிக் குறை கூறும் பதிவுகள் நீக்கப்படும்.

கருப்புவெள்ளை:

நான் கதிரியக்க மருத்துவன். பகல் முழுவதும் இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் அறிக்கையின் மூன்று வரிகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. எனவே கண்டறிதலில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை என்றே தோன்றுகிறது. எண்டோஸ்கோப்பியில் ஏன் தெரியவில்லை என்றால், அந்தக் கருவி குடலின் உட்சுவரை மட்டுமே காட்டும். குடல் வயிற்றுக்குள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை அது காட்டாது.

இது எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது. கரு உருவாகி ஏறத்தாழ 6ஆம் வாரத்தில், வேகமாக நீளும் நடுக்குடலுக்கு அந்தச் சின்னஞ்சிறு வயிற்றில் இடம் போதாமல், அது தொப்புள்கொடிக்குள் வெளியே தள்ளப்படுகிறது. அங்கேயே வளர்ந்து, 10ஆம் வாரத்தை ஒட்டி மீண்டும் வயிற்றுக்குள் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதுமாக, மேல் குடல்தாங்கித் தமனியை அச்சாகக் கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழல்கிறது. அந்தச் சுழற்சி முறையாக முடிந்தால், இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் வளைவு முதுகெலும்புக்கு இடப்புறம் மேலே பொருந்தும். பெருங்குடலின் தொடக்கப் பகுதி வலது அடிவயிற்றில் பொருந்தும். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே சாய்வாக, வளர்ந்தவர்களில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு, குடல்தாங்கிச் சவ்வின் வேர் முதுகுப்புறச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது அந்த அகன்ற வேரால்தான்.

சுழற்சி பாதியில் நின்றுவிட்டால் அந்த இரண்டு முனைகளும் அருகருகே வந்துவிடுகின்றன. அகன்ற வேர் குறுகி, விசிறியின் கைப்பிடி போல ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுங்கிய காம்பின் வழியாகத்தான் சிறுகுடல் முழுமைக்கும் பெருங்குடலின் வலப்பாதிக்கும் இரத்தம் போகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் அத்தனை குடலும் ஒரே நேரத்தில் இரத்தமின்றித் தவிக்கும்.

உங்களுடையது சுழற்சி ஏறக்குறைய நடக்காமலே போன வகை. பாதிச் சுழற்சியில் நின்ற வகையோடு ஒப்பிட்டால் இதில் வேர் ஓரளவு அகலமாக இருக்கும் என்றும், முறுக்கிக்கொள்ளும் ஆபத்து குறைவு என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேரின் உண்மையான அகலத்தை எந்தப் படத்தாலும் துல்லியமாக அளக்க முடியாது என்பதையும் என் துறையின் சார்பில் ஒப்புக்கொள்கிறேன்.

வைகைமைந்தன்:

நான் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணன். கதிரியக்க நண்பர் அழகாகச் சொல்லிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

சுழற்சி நின்றுபோனாலும், பெருங்குடலின் தொடக்கப் பகுதியை வலப்பக்கச் சுவரோடு ஒட்டவைக்க வேண்டிய சவ்வு நார்கள் உருவாகாமல் இருப்பதில்லை. அவை மேல் வயிற்றிலேயே நின்றுவிட்ட பெருங்குடலிலிருந்து, முன்சிறுகுடலுக்குக் குறுக்கே வலப்புறச் சுவர் வரை பாய்ந்து, அதை அழுத்துகின்றன. இவற்றை லாட் பட்டைகள் என்கிறோம். பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் லாட் 1936இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய அறுவை முறையைத்தான் இன்றும் அடிப்படையில் மாற்றமின்றிச் செய்கிறோம். அதற்கு முன்பே, 1923இல், எடின்பரோவைச் சேர்ந்த நார்மன் டாட் கருவியலையும் நோய்க்குறிகளையும் இணைத்து இந்தக் குறைபாட்டை வகைப்படுத்தியிருந்தார். அந்த டாட் பிற்காலத்தில் மூளை அறுவையில் பெயர்பெற்றார் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி.

அறுவையில் என்ன செய்கிறோம் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. குடலை "சரியான இடத்தில்" திரும்ப வைப்பதாக நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதில்லை. முதலில் குடல் முழுவதையும் வெளியே எடுத்து, முறுக்கு இருந்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பிரித்துவிடுகிறோம்; முறுக்கு பெரும்பாலும் கடிகாரத் திசையிலேயே ஏற்படும். பிறகு லாட் பட்டைகளை வெட்டி முன்சிறுகுடலை விடுவித்து நேராக்குகிறோம். அதன்பின் இரத்தக் குழாய்களுக்கு மேலுள்ள சவ்வைக் கவனமாகப் பிரித்து, ஒடுங்கிய காம்பை இயன்றவரை அகலமாக்குகிறோம். உள்ளபடியே உயிர்காப்பது இந்தப் படிதான். கடைசியில் சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்து மூடுகிறோம். அதாவது, இந்த ஆசிரியை அம்மாவுக்கு இயற்கையாகவே எந்த நிலை அமைந்திருக்கிறதோ, ஏறத்தாழ அதே நிலையில். இடப்பக்கம் போய்விடும் குடல்வாலில் பின்னாளில் அழற்சி வந்தால் யாரும் அதை எளிதில் ஊகிக்க மாட்டார்கள் என்பதால் அதையும் அப்போதே நீக்கிவிடுவது வழக்கம்.

யாழினியின் அம்மா:

வளர்ந்தவர்களைப் பற்றிய இழை என்றாலும், இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்காக என் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல அனுமதியுங்கள். பிறந்து நான்கு நாட்கள் வரை நன்றாகப் பால் குடித்தாள். கருமலமும் கழித்துவிட்டாள். ஐந்தாம் நாள் விடியலில் பால் கக்கியபோது, அவளுக்கு அடியில் விரித்திருந்த பழைய வேட்டித் துணியில் பசலைக்கீரைச் சாற்றின் நிறத்தில் கறை படிந்தது. வீட்டில் பெரியவர்கள் குடலேற்றம் என்றார்கள். எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டிவிடும் பாட்டியை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். நாங்கள் முதலில் கொண்டுபோன இடத்தில், வயிறு உப்பவில்லை, மலமும் போயிருக்கிறது, பால் அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

என் நாத்தனார் செவிலியர். தொலைபேசியில் நிறத்தைச் சொன்னதுமே, துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாவட்டத் தலைமையிடத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கிளம்பும்படி சொன்னார். அங்கே பணியிலிருந்த மருத்துவர் அந்தத் துணியைப் பார்த்ததும் வேறு எதையும் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் அறுவை முடிந்தது. குடல் கறுத்துப் போயிருந்ததாகவும், முறுக்கைப் பிரித்து வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிக் காத்திருந்தபோது மெல்ல நிறம் திரும்பியதாகவும் பின்னர் சொன்னார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு தவிர வேறு எதுவும் இல்லை.

வைகைமைந்தன்:

அம்மா, அந்தத் துணியைக் கொண்டுபோகச் சொன்ன உங்கள் நாத்தனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பதிவில் உள்ள இரண்டு செய்திகளை எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, வயிறு உப்பாமல் இருப்பது ஆறுதல் தரும் அறிகுறி அன்று. தடை குடலின் மேற்பகுதியிலேயே இருப்பதால் தொடக்கத்தில் வயிறு தட்டையாகவும் மிருதுவாகவும்தான் இருக்கும். வயிறு உப்பி, தோல் சிவந்து, மலத்தில் இரத்தம் வரும் நிலை, குடல் அழுகத் தொடங்கிவிட்டதைக் காட்டும் பிந்தைய நிலை. இரண்டாவது, கருமலம் கழித்திருப்பதும் எதையும் விலக்கிவிடாது. முறுக்கு ஏற்படும் முன்பே கீழே இறங்கிவிட்ட மலம் வெளியேறத்தான் செய்யும்.

பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிறுவப்படும் வரை அது குடல் முறுக்கம் என்றே கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கே சொல்லித்தரும் விதி. அந்தப் பச்சை பித்தத்தின் நிறம். பித்தம் என்றால் மஞ்சள் என்று மக்கள் நினைக்கிறார்கள். சீம்பால் கக்கினாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். அச்சம் கொள்ள வேண்டிய நிறம் பச்சை. அப்படி வரும் குழந்தைகள் எல்லோருக்கும் முறுக்கம் இருப்பதில்லை. கிருமித்தொற்றாலும், குடல் அடைப்பு வகைகளாலும், பெருங்குடலில் நரம்பு முடிச்சுகள் இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயாலும் பச்சை வாந்தி வரலாம். சில குழந்தைகளுக்கு ஒன்றுமே இராது. ஆனால் மற்றவற்றுள் சிலவற்றுக்கு ஒரு நாள் பொறுக்கலாம், முறுக்கத்துக்குச் சில மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது.

வயிறு தட்டுவதைப் பற்றி: சாதாரணமாகப் பால் கக்கும் குழந்தைக்கு மெல்ல எண்ணெய் தடவுவதால் கேடு வந்துவிடாது. முறுக்கியிருக்கும் குடலை அமுக்குவது ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சடங்கில் கழியும் பொழுது. உரை மருந்து, கிரைப் வாட்டர், தொக்கம் எடுத்தல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இரவுப்பணி:

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் இடத்தில் இருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மூக்கு வழியாக இரைப்பைக் குழாய் போட்டு, அதன் முனையை மூடாமல் திறந்துவைத்து அனுப்ப வேண்டும். மூடிவிட்டால் வழியில் வாந்தியெடுத்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழாயில் வரும் நீரின் நிறத்தையும் அளவையும் கடிதத்தில் எழுதுங்கள். குழந்தையின் உடல் குளிர்ந்துவிடக் கூடாது. தமிழகத்தில் 108 சேவையில் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே வசதி செய்யப்பட்ட ஊர்திகள் இருக்கின்றன. அழைக்கும்போதே பிறந்து இத்தனை நாளான குழந்தை என்று சொல்ல வேண்டும். "குழந்தைகளுக்கான அறுவை நிபுணர் இருக்கிறாரா" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அனுப்புவதால் மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல.

கருப்புவெள்ளை:

பரிசோதனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண எக்ஸ்-ரே முறுக்கத்திலும் இயல்பாகவே தோன்றலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உறுதிசெய்ய நாங்கள் பெரிதும் நம்புவது, எக்ஸ்-ரேயில் தெரியும் மாறுநிற நீரைக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்தி, அது முன்சிறுகுடல் வழியே போகும் பாதையை நேரலையாகப் பார்ப்பது. அந்த நீர் முதல் தடவை கடந்து போகும் சில நொடிகள்தாம் முக்கியம். இரைப்பை நிரம்பிவிட்டால் அது பின்னாலுள்ள வளைவை மறைத்துவிடும். வளைவு முதுகெலும்பின் இடப்பக்கத்தைத் தாண்டி, இரைப்பையின் வாயில் மட்டத்துக்கு எழும்ப வேண்டும். எழும்பாமல் வலப்பக்கமே கீழிறங்கினால் சுழற்சிக் குறைபாடு. திருகாணி வடிவில் சுழன்று இறங்கினால் முறுக்கம்.

இந்தச் சோதனைக்கும் குறைகள் உண்டு. பச்சிளம் குழந்தைகளில் அந்த வளைவு தளர்வாக இருக்கும். உப்பிய இரைப்பையோ, மூக்கு வழியே போட்ட குழாயோ அதைத் தள்ளி வைத்துவிட்டால் இல்லாத குறைபாடு இருப்பதுபோலத் தெரியும். அதனால் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பெருகிவருகிறது. இயல்பாக மேல் குடல்தாங்கிச் சிரை அதன் தமனிக்கு வலப்புறம் இருக்க வேண்டும். முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி அந்தத் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே கடக்க வேண்டும். முறுக்கம் இருந்தால், தமனியைச் சிரையும் குடலும் சுற்றிக்கொண்டு நீர்ச்சுழி போல் சுழல்வது, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் வண்ணத்தோடு தெரியும். குழந்தையின் நிலை மோசமாக இருந்தால் எந்தப் படத்துக்காகவும் காத்திராமல் நேரே அறுவைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதில் எங்களுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வடமராட்சியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எனது அண்ணாவின் மகனுக்குப் பிறந்தவுடனேயே இருதயத்தில் சிக்கலான குறைபாடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கொழும்பில் சிறுவர்களுக்கான வைத்தியசாலையில் மேலதிகப் பரிசோதனைகள் செய்தபோது, ஈரல் நடுவிலும் இரைப்பை வலப்பக்கத்திலும் இருப்பதாகவும், மண்ணீரல் இல்லை என்றும், குடலும் சரியாகச் சுழலவில்லை என்றும் சொன்னார்கள். குடலுக்கு இப்போது சத்திரசிகிச்சை வேண்டாம், இருதயத்தை முதலில் பார்ப்போம் என்பது அவர்களது முடிவு. பிள்ளைக்கு வாந்தி எதுவும் இல்லை; பால் குடிக்கிறான். மேலே எழுதப்பட்டவற்றை வாசித்ததும் அண்ணி மிகவும் பயந்துபோனார். இந்த முடிவு சரிதானா?

வைகைமைந்தன்:

ஐயா, உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள், அந்த மருத்துவர்கள் நன்கு யோசித்தே முடிவெடுத்திருக்கிறார்கள். உறுப்புகளின் இட வல ஒழுங்கே குலைந்துபோகும் இந்த நிலையை ஹெட்டரோடாக்சி என்பார்கள். இதில் குடல் சுழற்சிக் கோளாறு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் முன்கூட்டியே அறுவை செய்துவிட வேண்டும் என்று ஒரு சாராரும், கடும் இதயக் குறைபாடுள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதிலுள்ள ஆபத்து முறுக்கத்தின் ஆபத்தை விடக் கூடுதல் என்று இன்னொரு சாராரும் நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார்கள். அறிகுறி இல்லாத குழந்தையைக் கூர்ந்து கவனித்துவருவது இன்று பலரும் ஏற்கும் வழி. பச்சை வாந்தி வந்தால் எங்கே போவது, யாரை அழைப்பது என்பதை மட்டும் இப்போதே எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். மண்ணீரல் இல்லாத குழந்தைக்குச் சில கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. கூடுதல் தடுப்பூசிகளையும் தொடர் தடுப்பு மருந்தையும் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இத்துடன் தொடர்புள்ள மற்றக் குறைபாடுகளையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். தொப்புள்கொடிக்குள் போன குடல் திரும்பி வராமலே நின்றுவிடும் நிலையிலும், தொப்புளுக்கு வலப்புறம் வயிற்றுச் சுவர் பிளந்து குடல் உறையின்றி வெளியே வந்துவிடும் நிலையிலும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியே குடல் மார்புக்குள் ஏறிவிடும் நிலையிலும், இயல்பான சுழற்சிக்கு வாய்ப்பே இல்லாததால் குடல் சுழலாமல்தான் இருக்கும். கர்ப்பத்தின் 12ஆம் வாரத்துக்கு முன் எடுக்கும் ஸ்கேனில் குடல் கொடிக்குள் தெரிந்தால் பதற வேண்டாம். அப்போது அது இயல்பானதாக இருக்கலாம்.

முன்சிறுகுடல் பிறவி அடைப்பில் எக்ஸ்-ரேயில் இரட்டைக் காற்றுக் குமிழ் தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு டவுன் நோய்க்குறியும் இருக்கும். அதற்குக் கீழேயுள்ள சிறுகுடல் அடைப்புகளின் கதை வேறு. அவை கருவில் குடலின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்படுவதால் நேர்கின்றன என்பதை 1955இல் கேப் டவுனில் லோவ் என்பவரும் பர்னார்டும் நாய்க் கருக்களில் இரத்தக் குழாய்களைக் கட்டிக் காட்டினார்கள். 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த அதே கிறிஸ்டியன் பர்னார்டுதான் அவர். கருவிலேயே குடல் முறுக்கிக்கொண்டால் இந்த அடைப்பும் சேர்ந்தே வரக்கூடும்.

தழும்புக்காரன்:

எனக்குப் பிறந்த மூன்றாம் வாரத்தில் லாட் அறுவை நடந்ததாம். இப்போது கல்லூரியில் இருக்கிறேன். அறுவை செய்துகொண்ட பிறகு எல்லாம் முடிந்தது என்று யாரும் இருந்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற ஆண்டு கடும் வயிற்று வலியோடு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். வலது அடிவயிறு வலிக்கிறது, குடல்வால் அழற்சிதான் என்று முடிவுகட்டி அறுவைக்குத் தயாராகிவிட்டார்கள். என் அம்மா வந்து பழைய கோப்பைக் காட்டிய பிறகுதான், குடல்வால் எனக்கு எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. பழைய தையலை ஒட்டி உருவான சவ்வு ஒட்டுதலால் குடல் மடங்கியிருந்தது. உணவை நிறுத்தி, குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்ததிலேயே சரியாகிவிட்டது. இப்போது அறுவைச் சுருக்கத்தின் படம் என் கைபேசியில் எப்போதும் இருக்கிறது.

கொங்குநாட்டான்:

நான் பெரியவர்களுக்கு அறுவை செய்பவன். இழையின் மூலக் கேள்விக்கு வருகிறேன். குழந்தை அறுவை நிபுணர்கள் பச்சை வாந்தியோடு வந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, சுழற்சிக் குறைபாடு என்று கேட்டவுடனே கத்தியை எடுத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களைக் குறை சொல்லவில்லை. இறந்த குடலைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பெரியவர்களின் நிலைமை வேறு. அறிகுறியோடு வருவது சுமார் 6,000 பிறப்புகளில் ஒன்று என்றும், ஏதோவொரு சுழற்சிப் பிறழ்வு இருப்பது சுமார் 500 பேரில் ஒருவர் என்றும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரி என்றாலே, இதோடு பிறந்தவர்களில் மிகப் பலர் எதுவும் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்று ஆகிறது. வேறொன்றுக்காக எடுத்த ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காக அவர்கள் அத்தனை பேர் வயிற்றையும் திறக்க முடியுமா? திறந்தால் தழும்புக்காரன் தம்பி சொன்ன ஒட்டுதல் ஆபத்து வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

வைகைமைந்தன்:

கணக்கை ஏற்கிறேன், அதை இந்த அம்மாவுக்குப் பொருத்துவதை ஏற்கவில்லை. நீங்கள் சொல்வது அறிகுறியே இல்லாதவர்களுக்கு. சிறுவயது முதல் உணவுக்குப் பின் வலி, வாந்தி எடுத்தால் அடங்கும் வலி, வலிக்குப் பயந்து உணவைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருப்பவரை அறிகுறி இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டு முறுக்கிப் பிரியும் குடலில் சிரைகளும் நிணநீர்க் குழாய்களும் முதலில் அழுந்துகின்றன. குழந்தைகளில் அது வளர்ச்சிக் குறைவாகவும், சத்து ஏறாமையாகவும், வயிற்றுக்குள் பால் போன்ற நிணநீர் சேர்வதாகவும் வெளிப்படும். பெரியவர்களில் பெரும்பாலும் "சாப்பிட்டால் வலி" என்ற அளவிலேயே நின்றுவிடுவதால்தான் வாயு என்றும் அல்சர் என்றும் பெயர் வாங்கிக்கொள்கிறது. வயது ஏறியதால் காம்பு அகலமாகிவிடுவதில்லை. எத்தனை ஆண்டு ஓடியது என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

கொங்குநாட்டான்:

அவருடைய வலி இதனால்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் அறுவையைத்தான் சொல்வேன். இரைப்பை மெதுவாகக் காலியாவதாலும், பித்தப்பைக் கல்லாலும், குடல் எரிச்சல் நோயாலும் இதே போன்ற வலி வரலாம். லாட் அறுவைக்குப் பின் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் போய்விடுவதில்லை. அந்த உண்மையைச் சொல்லாமல் கையொப்பம் வாங்கக் கூடாது என்பதே என் வாதம். வலி வந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை ஸ்கேன் எடுத்து, இரத்தக் குழாய்கள் சுழல்கின்றனவா, முன்சிறுகுடல் உப்பியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி ஐயம் தீரும். வலப்புற முன்சிறுகுடலை ஒட்டிய பையில் குடல் சிக்கும் உட்குடலிறக்கமும் சுழற்சிக் கோளாறோடு சேர்ந்து வரக்கூடும். அதையும் தேட வேண்டும்.

கருப்புவெள்ளை:

இருவரும் சொல்வதில் எனக்குப் பெரிய முரண் தெரியவில்லை. வலியில்லாத நாளில் எடுத்த படத்தில் சுழல் இல்லை என்பது எதையும் விலக்காது. வலியுள்ள நாளில் சுழல் இருந்தால் வழக்கு முடிந்தது.

பொருநைக்கரையாள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மாத்திரைச் சீட்டுகளைவிட இந்த இழையில் எனக்கு அதிகம் புரிந்தது. கர்ப்பத்தைப் பற்றி மட்டும் யாரும் தொடவில்லை. குழந்தை பெற்ற பிறகு அறுவையைப் பார்த்துக்கொள்ளலாமா, அல்லது அதற்கு முன்பே முடிப்பது நல்லதா? சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்யலாம் என்றும் சொன்னார்கள். என் அக்காவின் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கொங்குநாட்டான்:

கர்ப்பம் என்று வந்துவிட்டதால் நான் ஒரு படி வைகைமைந்தன் பக்கம் நகர்கிறேன். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளி இடம் மாற்றுகிறது. கர்ப்ப காலத்தில் நடுக்குடல் முறுக்கம் மிக அரிது. ஆனால் வந்தால் வாந்தியை மசக்கை என்றும், வலியைக் கருப்பை இழுப்பு என்றும் எண்ணி நாள் கடத்திவிடுவார்கள். கதிர்வீச்சுக்கு அஞ்சி ஸ்கேனையும் தள்ளிப்போடுவார்கள். தாய்க்கும் கருவுக்கும் அது பேராபத்து. அறிகுறி உள்ள உங்களைப் போன்றவருக்கு, திட்டமிட்ட அறுவையைக் கருத்தரிப்பதற்கு முன்பே முடித்து, உடல் தேறிய பிறகு குழந்தையைப் பற்றி யோசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவேளை அதற்குள் கருத்தரித்துவிட்டால், மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே இந்த அறிக்கையைக் கொடுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதில் கதிர்வீச்சு இல்லை.

வைகைமைந்தன்:

லேப்ராஸ்கோப்பியில் லாட் அறுவை 1990களின் நடுப்பகுதியிலிருந்து செய்யப்படுகிறது. முறுக்கம் இல்லாத, திட்டமிட்டு வரும் பெரியவருக்கு அது நல்ல வழி. வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். ஒரு மறுபக்கம் உண்டு. திறந்த அறுவையில் உருவாகும் ஒட்டுதல்களே குடலை ஓரளவு இடத்தில் பிடித்துவைக்கின்றன என்று பலர் கருதுகிறார்கள். லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதல் குறைவு என்பதால் மீண்டும் முறுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் சில காட்டுகின்றன. எனவே எந்த வழி என்பதைவிட, காம்பை முழுமையாக அகலப்படுத்தும் பழக்கம் அந்த மருத்துவருக்கு இருக்கிறதா என்பதையே கேளுங்கள். பெரியவர்களுக்கு அறுவை செய்யும் பலர் தம் பணிக்காலத்தில் இதை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே செய்திருப்பார்கள். குழந்தை அறுவை நிபுணர் ஒருவரையும் கூட நிற்கச் சொல்வதில் தவறில்லை. நானே சிலமுறை அப்படி அழைக்கப்பட்டிருக்கிறேன். செலவைப் பற்றிக் கவலை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு அனுமதி கிடைக்குமா என்று சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

அக்கா பிள்ளைகளுக்கு ஸ்கேன் வேண்டாம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருந்ததாகச் சில பதிவுகள் உண்டு என்றாலும், பெரும்பாலும் இது தனித்தே நேர்கிறது. சாப்பிட்டால் வலி, காரணமில்லாத தொடர் வாந்தி, எடை ஏறாமை ஆகியவற்றில் ஏதேனும் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தால் மட்டும், சித்திக்கு இப்படி இருக்கிறது என்ற செய்தியோடு மருத்துவரைப் பாருங்கள்.

பொருநைக்கரையாள்:

நன்றி டாக்டர், நன்றி அண்ணா. அடுத்த முறை வலி வரும்போது எந்த நேரமானாலும் வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளும்படி எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனையில் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் அறுவை செய்துகொள்வதாக வீட்டில் பேசி முடிவாகியிருக்கிறது.

கருப்புவெள்ளை:

நல்லது. போகும்போது பழைய ஸ்கேனின் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாமல், படங்கள் உள்ள குறுவட்டையும் கொண்டுபோங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குழாய்களின் இருப்பு மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.